முப்படைத் தலைமைத் தளபதி வந்த பிறகு பாதுகாப்பு அமைச்சகத்தில் என்ன மாறியது?

கேள்வி இரண்டு பங்காக வந்திருக்கிறது. 2020இல் முப்படைத் தலைமைத் தளபதி (சி.டி.எஸ்.) என்று ஒரு பதவியை உருவாக்கினார்களே, அதனால் தில்லியில் அமைச்சகம் நிஜமாகவே மாறியதா, இல்லை மேலே இன்னொரு நாற்காலி போட்டதோடு சரியா என்பது முதல் பங்கு. கேட்டவரின் சித்தப்பா ராணுவப் பீரங்கி வண்டிகள் செய்யும் ஆவடி திண்ணூர்தி தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவர் இப்போது அரசு ஊழியரா, கம்பெனி ஊழியரா என்பது இரண்டாவது.

சுருக்கமாகச் சொன்னால், மாறியது, ஆனால் பாதிதான். படைகளின் ஆள், பயிற்சி, அன்றாடச் செலவு சம்பந்தப்பட்ட கோப்புகள் சீருடைக்காரர் கைக்குப் போயின. விமானம், கப்பல், பீரங்கி வாங்கும் பெரும்பணக் கோப்புகள் பழைய மேசையிலேயே இருக்கின்றன. சாதாரண ஊழியரை நேரடியாகத் தொட்ட மாற்றம் என்று பார்த்தால் அது தில்லியில் நடக்கவில்லை, தொழிற்சாலைகளில் நடந்தது. நான் பாதுகாப்புக் கணக்குத் துறையில் வேலை பார்த்தவன். எந்த அமைப்பையும் அதன் கோப்பு எங்கே கிளம்பி யார் கையெழுத்தில் முடிகிறது என்பதை வைத்துத்தான் எனக்குப் புரிந்துகொள்ள வரும். இந்தப் பதிலும் அப்படித்தான் போகும்.

முதலில் பழைய ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1947இல் மவுண்ட்பேட்டனோடு வந்த இஸ்மே பிரபு வகுத்துக் கொடுத்த வரைபடம் அது. மேலே அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு, அதன் கீழே அமைச்சரின் குழு, அதற்கும் கீழே மூன்று தளபதிகள் சேர்ந்து உட்காரும் குழு. அதுவரை ஒரே கமாண்டர்-இன்-சீஃப் கையில் இருந்த அதிகாரம் மூன்றாகப் பிரிந்தது. 1955இல் அந்தப் பட்டத்தையும் சட்டம் போட்டு எடுத்துவிட்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றுக்கும் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்தால் அமைச்சகத்துக்குள் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறவர் என்று தோன்றும். நடைமுறையில் அவர் தன் படையை நடத்தும் தளபதி. அவருடைய தலைமையகமோ அமைச்சகத்தின் 'இணைப்பு அலுவலகம்'.

இந்த இணைப்பு அலுவலகம் என்பது வெறும் பெயர் விவகாரம் அல்ல. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். இணைப்பு அலுவலகம் முன்மொழிவு அனுப்பலாம், அரசாணை போட முடியாது. தரைப்படைத் தலைமையகத்தில் பிரிகேடியர், மேஜர் ஜெனரல் என்று நாலைந்து பேர் கையெழுத்துப் போட்ட கோப்பு அமைச்சகத்துக்குள் நுழைந்ததும், பிரிவு அலுவலரில் ஆரம்பித்து சார்புச் செயலர், துணைச் செயலர், இணைச் செயலர் என்று மறுபடி முதல் படியிலிருந்து ஏறும். நடுவில் நிதிப் பிரிவு ஒரு கேள்வி கேட்டால் திரும்ப இறங்கும். மத்திய அரசின் பணி ஒதுக்கீட்டு விதிகள் 1961இல் வந்தன. இந்தியாவையும் அதன் ஒவ்வொரு பகுதியையும் பாதுகாப்பது என்ற பொறுப்பு அந்த விதிகளின்படி பாதுகாப்புத் துறையிடம், அதாவது ஐ.ஏ.எஸ். அதிகாரியான பாதுகாப்புச் செயலரின் துறையிடம் இருந்தது. மூன்று தளபதிகளின் பெயர் அங்கே எங்கும் இல்லை.

இதற்கு அதிகாரிகளின் பேராசையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. 1958இல் பக்கத்து நாட்டில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டே இங்கே ஜெனரல் திம்மய்யா, அமைச்சர் கிருஷ்ண மேனனோடு மோதி ராஜினாமா கொடுத்துத் திரும்பப் பெற்றார். சீருடைக்கு அமைச்சகத்துக்குள் இடம் கொடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அந்தத் தலைமுறை அரசியல்வாதிகளுக்கு இருந்தது. பயம் போன பிறகும் அதற்காகப் போட்ட சுவர் நின்றது, அவ்வளவுதான்.

சுவரின் விலை போரில் தெரிந்தது. 1962இல் தரைப்படை இமயமலையில் அடிவாங்கிக்கொண்டிருந்தபோது விமானப்படையின் போர் விமானங்கள் தாக்குதலுக்கு அனுப்பப்படவில்லை. 1999 கார்கிலில், மே மாதத் தொடக்கத்தில் ஊடுருவல் தெரியவந்தும், வான்தாக்குதல் ஆரம்பித்தது மே 26ஆம் தேதிதான். ஹெலிகாப்டர் கேட்ட தரைப்படைக்கும், அரசியல் அனுமதி வேண்டும் என்ற விமானப்படைக்கும் நடுவே நடந்த இழுபறி பின்னாளில் இரு தரப்பிலும் பேசப்பட்ட விஷயம்.

கார்கில் முடிந்த கையோடு 1999 ஜூலையில் கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு போட்டார்கள். திருச்சியில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி, இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை. ஐ.ஏ.எஸ். அமைப்புக்குள்ளேயே வளர்ந்த ஒருவர் தலைமையிலான குழுவே, படைத் தலைமையகங்களை அரசின் உச்ச அமைப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கும் பெரிய ஜனநாயகம் அநேகமாக இந்தியா மட்டும்தான் என்ற பொருளில் எழுதியது. அதைத் தொடர்ந்து அத்வானி தலைமையில் அமைச்சர்கள் குழு, 2001 பிப்ரவரியில் அறிக்கை. முப்படைத் தலைமைத் தளபதி பதவி வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை.

அப்புறம் நடந்தது நம் நிர்வாகத்துக்கே உரியது. 2001இல் அந்தத் தளபதிக்குக் கீழே வேலை செய்ய ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியாளர் தலைமையகத்தை அமைத்தார்கள். அதே ஆண்டு போர்ட் பிளேரில் மூன்று படைகளும் சேர்ந்த அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் (கமாண்ட்), 2003இல் அணு ஆயுதங்களைக் கையாளும் கட்டளையகம். தரைப்படைத் தலைமையகத்தின் பெயர்ப் பலகையையும் 'பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த தலைமையகம் (தரைப்படை)' என்று மாற்றினார்கள். தளபதியை மட்டும் நியமிக்கவில்லை! தலை இல்லாத அந்த அலுவலகம் 18 ஆண்டுகள் ஓடியது. மூன்று தளபதிகளில் யார் சீனியரோ அவர் பகுதி நேரமாகக் குழுத் தலைவராக இருப்பார். பெரும்பாலும் சில மாதங்களில் ஓய்வு பெற்றுவிடுவார். 2012இல் நரேஷ் சந்திரா குழு, தளபதிகள் குழுவுக்கு நிரந்தரத் தலைவராவது வேண்டும் என்றது. 2016இல் ஷேகட்கர் குழுவும் இதையே பேசியது.

2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அறிவிப்பு, டிசம்பர் 24 அன்று அமைச்சரவை ஒப்புதல், 2020 ஜனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத் பொறுப்பேற்பு. இத்தனை ஆண்டுகள் இழுத்தது கடைசியில் ஐந்தே மாதத்தில் முடிந்தது.

எல்லோரும் பதவியைப் பார்த்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதே நாளில் அமைச்சகத்துக்குள் முளைத்த புதுத் துறை: ராணுவ விவகாரத் துறை. ஏற்கெனவே பாதுகாப்புத் துறை, பாதுகாப்பு உற்பத்தித் துறை, ஆராய்ச்சி மேம்பாட்டுத் துறை, முன்னாள் படைவீரர் நலத் துறை என்று நான்கு இருந்தன. இது ஐந்தாவது. இதன் செயலர் தலைமைத் தளபதியேதான். பணி ஒதுக்கீட்டு விதிகளைத் திருத்தி, முப்படைகள், அவற்றின் தலைமையகங்கள், பிராந்தியப் படை, மூலதனக் கொள்முதல் (விமானம், கப்பல் போன்ற பெரிய தளவாடங்கள் வாங்குவது) நீங்கலாகப் படைகளுக்கான கொள்முதல், கட்டளையகங்களைச் சீரமைப்பது எல்லாம் இங்கே வந்தன. பழைய இணைச் செயலர் மேசைக்குப் போன எத்தனையோ கோப்புகள் இப்போது மேஜர் ஜெனரல் அந்தஸ்து அதிகாரி இணைச் செயலராக உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போகின்றன. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தபோது செய்தியாளர்களுக்கு அதை விளக்கியவர் இந்தத் துறையின் கூடுதல் செயலர், லெப்டினன்ட் ஜெனரல் அனில் புரி. பத்து வருஷம் முன்பு அந்த இடத்தில் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரிதான் இருந்திருப்பார். வெளிநாட்டிலிருந்து வாங்கக்கூடாத 101 பொருட்களின் முதல் பட்டியலும் 2020 ஆகஸ்டில் இங்கிருந்துதான் கிளம்பியது.

நகராதது எது? மூலதனக் கொள்முதல். 2025-26 பட்ஜெட்டில் அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. இந்தப் பணத்தில் ஆயுதம் வாங்குவதற்கான கோப்பு கொள்முதல் பிரிவு வழியாகப் பாதுகாப்புச் செயலரிடமே போகிறது. கொள்முதல் வாரியத்தின் தலைவரும் அவர்தான். அதற்கு மேல் அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழுமம், பெரிய தொகை என்றால் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழு. தலைமைத் தளபதி குழுமத்தில் உறுப்பினர், எதை முதலில் வாங்குவது என்று வரிசை சொல்லலாம். பணப் பையின் வாயைக் கட்டும் கயிறு அவர் கையில் இல்லை. நாட்டின் பாதுகாப்பு, பாதுகாப்புக் கொள்கை என்ற பொறுப்பும் பழைய துறையிலேயே இருக்கிறது.

இன்னொன்று. மூன்று தளபதிகளுக்கும் உத்தரவு போடும் ராணுவ அதிகாரம் அவருக்கு இல்லை என்று 2019 டிசம்பர் அறிவிப்பே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு தொப்பி. செயலர் தொப்பியில் அவர் மூன்று படைகளின் கோப்புக்கும் மேலே. தளபதிகள் குழுவின் நிரந்தரத் தலைவர் தொப்பியில் நான்கு நட்சத்திரக்காரர் (முழு ஜெனரல் அந்தஸ்து) நால்வரில் ஒருவர். சாமர்த்தியசாலி முதல் தொப்பியை வைத்து இரண்டாவதில் காரியம் சாதிக்கலாம். அது ஆளைப் பொறுத்தது, அமைப்பைப் பொறுத்ததல்ல.

என் கருத்தைக் கேட்டால், கார்கில் குழு சொன்னது கலந்து உட்காருங்கள் என்று. ஒரே மேசை வரிசையில் சிவில் அதிகாரியும் ராணுவ அதிகாரியும். 2020இல் செய்தது சீருடைக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு துறை. முன்பு சுவர் அமைச்சகத்துக்கு வெளியே இருந்தது, இப்போது இரண்டு துறைகளுக்கு நடுவே இருக்கிறது. அதுவும் முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

சரி, ஆவடிக்கு வருவோம். ஒருவரின் அன்றாடத்தைப் புரட்டிப்போட்ட மாற்றம் இதுதான், ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

நாடு முழுக்க 41 ஆயுதத் தொழிற்சாலைகள் கொல்கத்தாவில் இருந்த ஒரு வாரியத்தின் கீழ் இருந்தன. வாரியத்தின் வேர் கிழக்கிந்திய கம்பெனி காலத்து 1775 வரை போகும். அது கம்பெனி அல்ல, பாதுகாப்பு உற்பத்தித் துறையின் ஓர் உறுப்பு. லாபம் என்று ஒன்றைச் சேர்த்து வைக்க முடியாது. ராணுவம் ஆர்டர் கொடுக்கும், அடக்க விலைக்குச் செய்து கொடுக்கும். விலை அதிகம், தரம் சுமார் என்று ராணுவம் முனகும். நீங்கள் ஒழுங்காகத் திட்டமிட்டு ஆர்டர் கொடுப்பதில்லையே என்று தொழிற்சாலை திருப்பிச் சொல்லும். தணிக்கை அறிக்கைகளில் இரண்டு தரப்புக்குமே குட்டு விழும். கம்பெனியாக மாற்றச் சொல்லி 2000இலிருந்தே டி.கே.ஏ. நாயர், விஜய் கேல்கர், ராமன் புரி என்று குழு மேல் குழு. ஒவ்வொரு முறையும் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நிறுத்தின.

2021 ஜூன் 16 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது. சங்கங்கள் ஜூலை 26 முதல் வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30 அன்றே அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவை அவசரச் சட்டம் வந்து வேலைநிறுத்தத்துக்குத் தடை போட வழி செய்தது. அக்டோபர் 1 அன்று வாரியம் கலைந்து ஏழு கம்பெனிகள் பிறந்தன. இந்த மாற்றத்தில் சுமார் 70,000 பேரின் முகவரி மாறியது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிப்பு எப்படி விழுந்தது என்று பாருங்கள். ஆவடி திண்ணூர்தி தொழிற்சாலையும் பக்கத்து என்ஜின் தொழிற்சாலையும் ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகாம் என்ற கம்பெனிக்குப் போயின. அதன் தலைமை அலுவலகம் ஆவடியிலேயே இருக்கிறது, மேடக், ஜபல்பூர், அம்பர்நாத் தொழிற்சாலைகளும் இங்கிருந்து நடத்தப்படுகின்றன. அதே ஆவடியில் இருக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் திருச்சியின் ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலையும் புனேயில் இருக்கும் முனிஷன்ஸ் இந்தியாவுக்கு. திருச்சி துப்பாக்கி தொழிற்சாலை கான்பூரின் இன்னொரு கம்பெனிக்கு. ஒரே ஊரில் ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் வேறு வேறு நிர்வாகத்தின் ஆட்கள் ஆனார்கள்.

பிழைப்பும் ஒன்றுபோல இல்லை. திண்ணூர்தி தொழிற்சாலைக்கு 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ பீரங்கி வண்டிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆர்டர் வந்தது. அந்த வேலையை நாட்டில் வேறு யாரும் செய்ய முடியாது. சீருடை தைப்பது அப்படியா? திருப்பூர் முதல் லூதியானா வரை போட்டிக்கு ஆள் உண்டு. அதனால்தான் உடைத் தொழிற்சாலைக்காரர்களின் கவலையை நான் கொஞ்சம் கூடுதலாகவே மதிக்கிறேன்.

சித்தப்பா விஷயம்: 2021 அக்டோபருக்கு முன்பு வேலையில் சேர்ந்தவர் என்றால், அவர் மத்திய அரசு ஊழியராகவே இருந்துகொண்டு கம்பெனிக்கு அயல்பணியில் (டெபுடேஷனில்) இருப்பதாகக் கருதப்படுகிறார். முதலில் இரண்டு வருஷத்துக்கு என்றார்கள், பிறகு நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். சம்பளம், விடுப்பு, பணி விதிகள் அரசு ஊழியருக்கு உள்ளவையே. 2004க்கு முன் சேர்ந்திருந்தால் பழைய ஓய்வூதியம், அந்தப் பொறுப்பு அரசுடையது. கம்பெனி என்றைக்கு 'நிரந்தரமாகச் சேர்கிறீர்களா' என்று விருப்பம் கேட்டுக் காகிதம் கொடுக்கிறதோ, அன்றைக்குத்தான் உண்மையான முடிவு. அந்தக் காகிதத்தில் ஓய்வூதியம், பதவி உயர்வு வரிசை, கருணை அடிப்படை வேலை மூன்றுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 2021க்குப் பின் கம்பெனி நேரடியாக எடுத்தவர்களின் கதை வேறு, அவர்கள் கம்பெனி விதிப்படிதான்.

மறுபடி தில்லி. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் போன ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து ராவத் இறந்தார். அடுத்த தலைமைத் தளபதி, ஜெனரல் அனில் சௌஹான், பொறுப்பேற்றது 2022 செப்டம்பர் 30. ஒன்பது மாதத்துக்கு மேல் பதவி காலி. இடையில் ஜூன் மாதம் விதியைத் திருத்தி, 62 வயதுக்குட்பட்ட ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் அந்தஸ்துக்காரர்களையும் நியமிக்கலாம் என்றார்கள். நான்கு நட்சத்திரம் பெறாமல் ஓய்வு பெற்றிருந்த சௌஹான் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார். கட்டாயம் வேண்டும் என்று 20 வருஷம் வாதாடிய பதவி ஒன்பது மாதம் காலியாக இருந்தும் வேலை நடந்தது என்றால், அந்தப் பதவி அப்போது எவ்வளவு ஆழம் வேர்விட்டிருந்தது என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

ராவத் காலத்தில் சத்தம் அதிகம், சௌஹான் காலத்தில் காகித வேலை அதிகம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஓர் உதாரணம்: அந்தமான் கட்டளையகத்தில் கடற்படை அதிகாரி தலைமையில் தரைப்படைச் சிப்பாய் ஒருவர் தவறு செய்தால், தலைமை அதிகாரியால் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. ஏனென்றால் கடற்படைச் சட்டம் வேறு, தரைப்படைக்கான ராணுவச் சட்டம் வேறு. ஆளை அவருடைய தாய்ப்படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டளையகம் தொடங்கி 20 வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, கூட்டு அமைப்பின் தலைவர் எந்தப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும் தன் கீழ் உள்ள எல்லாரையும் கட்டுப்படுத்தலாம் என்றது. 2024 மே 10 அன்று அமலுக்கு வந்தது. இன்னொன்று, மூன்று படைக்கும் பொதுவான உத்தரவு ஒன்று போட வேண்டுமென்றால் ஒவ்வொரு படையும் தனித்தனியாக வெளியிட வேண்டியிருந்தது. 2025 ஜூனில்தான் தலைமைத் தளபதியே கூட்டு உத்தரவு வெளியிடலாம் என்று அமைச்சர் அதிகாரம் கொடுத்தார். செய்தித்தாளில் இரண்டு பத்திச் செய்தி. நான் அதைப் பெரிய மாற்றங்களின் கணக்கில்தான் வைப்பேன்.

மிச்சம் இருப்பது கூட்டுப் போர்முனைக் கட்டளையகங்கள் (தியேட்டர் கமாண்ட்). இப்போது தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என 17 தனித்தனிக் கட்டளையகங்கள். ஒரே சீன எல்லையை வெவ்வேறு ஊர்களில் உட்கார்ந்து வெவ்வேறு படைத் தளபதிகள் பார்க்கிறார்கள். இவற்றை எல்லை வாரியாகச் சேர்ப்பதுதான் திட்டம். பாகிஸ்தான் பக்கம் பார்க்க ஜெய்ப்பூர், சீனா பக்கம் பார்க்க லக்னோ, கடலுக்குத் திருவனந்தபுரம் என்று பேசப்படுகிறது. விமானப்படை தயங்குகிறது. 2021 ஜூலையில் ராவத், விமானப்படை ஒரு துணைப்படை போன்றது என்று பொது மேடையில் சொல்ல, அன்றே அப்போதைய விமானப்படைத் தளபதி பதவுரியா மறுத்தார். 2025 ஆகஸ்டில் இன்றைய தளபதி ஏ.பி. சிங்கும் அவசரப்பட வேண்டாம், முதலில் தில்லியில் கூட்டுத் திட்டமிடல் மையம் ஒன்று போதும் என்றார். இதைச் சொந்த ராஜ்ஜியம் காக்கும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அனுமதிக்கப்பட்ட 42 ஸ்குவாட்ரனில் (போர் விமான அணிகளில்) மிக்-21 ஓய்வுக்குப் பின் 29தான் மிச்சம். இருக்கிற கொஞ்சத்தை மூன்று முனைக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால், அவசரத்துக்கு ஒரு பக்கம் குவிக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

அமெரிக்காவில் மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அங்கும் படைகள் தாமாக ஒத்துக்கொள்ளவில்லை. 1980இல் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போன கூட்டு நடவடிக்கை பாலைவனத்திலேயே விபத்தில் முடிந்து எட்டுப் பேர் செத்தார்கள். அதன் பிறகு நாடாளுமன்றம் 1986இல் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டத்தைப் படைகளின் எதிர்ப்பையும் மீறி நிறைவேற்றியது. அதில் சாமர்த்தியமான ஒரு ஷரத்து, வேறு படையோடு சேர்ந்த கூட்டுப் பணியில் வேலை பார்க்காத அதிகாரி ஜெனரல் ஆக முடியாது என்பது. பதவி உயர்வில் கை வைத்ததும் ஒத்துழைப்பு தானாக வந்தது. நம் தலைமைத் தளபதி பதவிக்கும் ராணுவ விவகாரத் துறைக்கும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. அமைச்சரவை முடிவும் விதித் திருத்தமும்தான். நாளைக்கு ஓர் அரசு நினைத்தால் இன்னொரு திருத்தத்தில் மாற்றலாம்.

போர்முனைக் கட்டளையகங்கள் வரும்போது ஊர்ப் பெயரையும் நட்சத்திர எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, அரசாணையில் இரண்டு விஷயம் தேடுங்கள். போர்முனைத் தளபதி யாருக்குக் கீழே: தலைமைத் தளபதிக்கா, தளபதிகள் குழுவுக்கா, நேராக அமைச்சருக்கா? அவருக்குக் கீழே வேலை பார்க்கும் விமானப்படை அதிகாரியின் ஆண்டு ரகசிய அறிக்கையில் கடைசிக் கையெழுத்து யாருடையது?